புற்றின் அகங்கண்ட யூஜீன் மரே

கறையான் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே நம்மனோர் நினைவுக்கு வருவன செல்லரித்த ஏட்டுச்சுவடியும், உள்ளீடற்றுப் போன உத்தரமும், பெட்டியின் அடியில் வைத்த பட்டாடையின் எச்சமுமேயாம். அதனை நன்மை செய்யும் உயிரென்று எண்ணுவார் மிகச் சிலர். ஆயினும் ஆப்பிரிக்காக் கண்டத்துப் புல்வெளிகளிலே யானையும் வரிக்குதிரையும் வயிறார மேய்வதற்கு இச்சிற்றுயிரின் உழைப்பும் ஒரு காரணமென்பது இக்காலத்து உயிர்நூல் வல்லார் ஆராய்ந்து கண்ட உண்மை. அவ்வாராய்ச்சிகளெல்லாம் தோன்றுதற்கு முன்பே, புற்றென்பது வெறும் மண்மேடன்று, உயிருள்ள ஓர் உடலே என்று துணிந்து எழுதியவர் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த யூஜீன் மரே என்பவர். அவர் கவிஞர், பத்திராதிபர், வழக்கறிஞர், கொடிய வழக்கம் ஒன்றிற்கு அடிமைப்பட்டு வருந்தியவர். அவர் எழுதியதைப் பெரும்புகழ் வாய்ந்த வேறொருவர் எடுத்துக்கொண்டனர் என்னும் வழக்கு அவர் பெயரோடு இன்றும் ஒட்டியிருக்கின்றது. அவரது வரலாற்றை ஒருவாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

யூஜீன் நீலன் மரே 1871ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 9ஆம் நாள், டிரான்ஸ்வால் குடியரசின் தலைநகராகிய பிரிட்டோரியாவை அடுத்த இடத்தில் பிறந்தார். பெற்றோர்க்கு இவர் பதின்மூன்றாவது பிள்ளை, கடைக்குட்டி. வீட்டில் பேசியது போயர் மக்களின் மொழியாகிய ஆப்பிரிக்கான்ஸ். பள்ளியில் கற்றதோ பெரும்பாலும் ஆங்கிலம். ஆப்பிரிக்கான்ஸ் அக்காலத்தில் ஏட்டில் ஏறாத மொழி. டச்சு மொழியின் சிதைவென்றும், அடுக்களைப் பேச்சென்றும் கற்றோர் அதனை இகழ்ந்து வந்தனர். பின்னாளில் அம்மொழியின் முதற் பெருங்கவிஞருள் ஒருவராக இவரே எண்ணப்படலாயினார் என்பது வியக்கத்தக்கதே.

பள்ளிப் படிப்பை விட்டதும் சிறிது காலம் எழுத்தராக இருந்து, பின் பத்திரிகைத் தொழிலிற் புகுந்து, இருபது வயதையொட்டி லான்ட் என் ஃபோல்க், அஃதாவது நாடும் மக்களும் என்னும் பெயருடைய பத்திரிகைக்கு ஆசிரியரானார். அந்நாளில் டிரான்ஸ்வாலின் தலைவராக வீற்றிருந்தவர் பால் குரூகர். அவரது ஆட்சியின் குறைகளை மரே அஞ்சாது வெளியிட்டனர். அதனால் சட்டமன்றத்திற் பத்திரிகையாளர் அமரும் இடத்திற்கு இவர் வரலாகாதென்று தடுத்தார்கள். அஃதோடமையாது இராசத்துரோக வழக்கும் தொடுத்தார்கள். உயர்நீதிமன்றம் இவர் குற்றமற்றவரென்று விடுதலை செய்தது.

1894இல் அலெட்டா பெயர்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். ஓராண்டு நிரம்புமுன், ஆண்மகவொன்றைப் பெற்ற சில நாட்களுள் அவ்வம்மையார் இறந்துபட்டனர். அத்துயர் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. மணத்திற்கு முன்பே இளமையிற் பற்றிக்கொண்ட மார்பியா என்னும் அபினிச் சத்தின் பழக்கம் அதன்பின் வேரூன்றிவிட்டது. எத்தனையோ முறை அதனை விட முயன்றும் இயலாது போயிற்று. இதனை மறைத்து எழுதுதல் சரிதம் எழுதுவோர்க்கு முறையன்று. அவர் பட்ட பாட்டிற் பெரும்பகுதி இதனால் விளைந்ததே.

பின்னர் இலண்டன் சென்று மருத்துவ நூலைத் தொட்டு, அதனை முடியாது விட்டு, சட்டம் பயின்றார். 1899இல் போயர் யுத்தம் மூண்டபோது அவர் இலண்டனிலேயே இருந்தார். போரின் இறுதியில் மொசாம்பிக் வழியாகத் தம் நாட்டுப் படைக்கு மருந்தும் வெடிப்பொருளும் கொண்டு செல்ல முயன்று, வழியிலே முறைக்காய்ச்சலால் வீழ்ந்தார். அவர் தேறுமுன் 1902இல் போர் முடிந்துவிட்டது. 1905இல் வெளிவந்த ‘குளிர்கால இரவு’ என்னும் அவருடைய சிறு பாட்டு, போரால் வெந்து கிடந்த புல்வெளியையும் மக்களையும் ஒருங்கே நினைப்பூட்டுவது. அடுக்களைப் பேச்சென்று இகழப்பட்ட மொழியில் உயர்ந்த கவிதையும் இயலும் என்பதற்கு அதனையே சான்று காட்டுவர்.

நிற்க. இனி அவர் கறையானைக் கண்ட கதைக்கு வருவோம்.

1907ஐ அடுத்த காலத்தில் மரே நகரவாழ்வை வெறுத்து, பிரிட்டோரியாவிற்கு வடக்கேயுள்ள வாட்டர்பெர்க் என்னும் மலைநாட்டிற்குச் சென்று, ஏறக்குறையப் பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். அது சவன்னா என்று கூறப்படும் நிலம். முழங்காலளவு புல்லும், அதனிடையே பரந்து நிற்கும் முள்மரங்களும், மழை சில திங்களும் வறட்சி பல திங்களுமாக அமைந்த வெளி. அங்கே அவர் ஊதியமின்றி ஏழை உழவர்க்கு மருத்துவம் செய்தார். மலைப்பாறையில் வாழ்ந்த பபூன் குரங்குக் கூட்டமொன்றின் அருகே குடிசையமைத்து, அவை தம்மைக் கண்டு அஞ்சாதவாறு பழகி, அவற்றின் ஒழுகலாற்றை நாடோறும் குறித்து வந்தார். காட்டு வாழ்க்கையிலேயே குரங்கினத்தை இவ்வாறு நெடுநாள் இருந்து நோக்கிய முதல்வர்களுள் இவரும் ஒருவர். அப்பொழுதுதான் வெளியெங்கும் எழுந்து நின்ற புற்றுக்களும் அவர் கருத்தைக் கவர்ந்தன.

கறையானை ஆராய்ந்தவர் இவருக்கு முன்னும் இருந்தனர். மேலை ஆப்பிரிக்காவின் சியரா லியோனிற் கண்டவற்றை ஹென்றி ஸ்மீத்மன் என்னும் ஆங்கிலேயர் 1781இல் இலண்டன் அறிஞர் கழகத்தின் வாயிலாக வெளியிட்டனர். அதற்கும் இரண்டாண்டு முன்னதாக, 1779இல், ஜெர்மானிய மொழியில் கறையானைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதியவர் தரங்கம்பாடி மிஷனில் மருத்துவராக இருந்த கோயனிக் என்பவர். லின்னேயஸ் பேராசிரியரின் மாணாக்கர். தஞ்சைச் சீமைப் புற்றுக்களைத் திறந்து அவற்றின் உள்ளே விளையும் காளானைக் குறித்தெழுதிய முன்னோடி அவரே. நம் நாட்டு மண்ணில் எழுந்த அவ்வாராய்ச்சியை நம்மவர் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. மரே இன்னோரன்ன நூல்களைத் துணைக்கொண்டு ஆராய்ந்தவரல்லர். அவர் கற்றது பெரும்பாலும் புற்றினிடமிருந்தே.

ஈசல் பறப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஆயிரக்கணக்காக எழுந்து, சிறிது பறந்து, இறகுதிர்த்து மண்ணில் ஊர்ந்து மறையும். நாம் அதனை ஒரு கணத்து வாழ்வுக்கு உவமை கூறிவிட்டு அப்பாற் போவோம். மரே அங்கே குனிந்து நோக்கினார். தரையில் இறங்கிய பெண் ஈசல் இறகை உதறிவிட்டு, வயிற்றின் நுனியை உயர்த்தி அசையாது நிற்கின்றது. எங்கிருந்தோ ஆண் ஈசல் அதனை நாடி வருகின்றது. ஓசையுமில்லை, ஒளியுமில்லை. பின்னர் இரண்டும் சேர்ந்து மண்ணைத் தோண்டிக் குடிபுகுகின்றன. அதுவே ஒரு புற்றின் தொடக்கம். பறக்கவொட்டாது தடுத்த ஈசல்கள் துணை நாடாது மடிந்தன என்றும், சிறிது தொலைவேனும் பறந்த பின்னரே அவற்றின் அடுத்த இயல்பு விழித்தெழுகின்றதென்றும் அவர் எழுதினார்.

புற்றினுள்ளே அரசியொருத்தி, அவளுடன் அரசன். அவளது வயிறு பருத்து விரல்போல் நீண்டு, தானே நகரவும் இயலாது கிடக்கின்றாள். பெரும்புற்றுக் கட்டும் இனங்களில் ஒருநாளில் அவள் இடும் முட்டை பல்லாயிரம். கண்ணற்ற பணியாளரும் போர்வீரரும் அவளைச் சூழ்ந்து நிற்பர். கறையானை வெள்ளெறும்பென்று ஆங்கிலத்திற் கூறுவது பிழை. அஃது எறும்பினமன்று, கரப்பான் பூச்சியின் உறவு. பணியாளர் கொணரும் காய்ந்த புல்லும் சுள்ளியும் அவரது வயிற்றில் முற்றச் செரிப்பதில்லை. அரைகுறையாகச் செரித்த அதனைக் கொண்டு புற்றினுள் தேனடை போன்ற பாத்திகள் அமைத்து, அவற்றிற் காளானை வளர்க்கின்றனர். மரத்தின் வன்மையான நாரைக் காளான் சிதைத்துக் கொடுக்கின்றது. அதனைக் கறையான் உண்கின்றது. இக்காளான் தோட்டத்திற்கு ஈரம் இடையறாது வேண்டும். வாட்டர்பெர்க்கில் கொடிய வறட்சி நேர்ந்து, நிலமெல்லாம் பிளந்து கிடந்த காலத்தில், புற்றினுள் மட்டும் ஈரம் குன்றாதிருந்ததை மரே கண்டார். ஆராயப் புகுந்து, கறையான்கள் ஆழ்ந்த சுரங்க வழியே கீழிறங்கி நீரை மேலே கொணர்கின்றன எனக் கண்டு வியந்தெழுதினார்.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கியபோது அவருக்கு ஓரெண்ணம் தோன்றியது. ஒரு கறையானைத் தனியுயிராகக் கருதுவது தவறு. புற்று முழுவதுமே ஓருயிர். புற்றின் மண்சுவர் தோல், பணியாளரும் வீரரும் குருதியில் ஓடும் அணுக்கள், காளான் தோட்டம் செரிக்கும் உறுப்பு, அரசியே மூளை. சுவரில் துளையிட்டால் வீரர் ஓடிவந்து காக்க, பணியாளர் அடைப்பது, புண்பட்ட இடத்திற் குருதி உறைந்து தோல் மூடுவதை ஒக்கும் என்றார். எஃகுத் தகடொன்றைப் புற்றினூடே செலுத்தி இருகூறாக்கியபோதும், இருபுறத்துப் பணியாளரும் ஒருவரையொருவர் காணாமலே ஒத்த வளைவுகளைக் கட்டினர் என்றும், அரசியை அழித்தவுடன் இருபுறத்தும் வேலை நின்றதென்றும் தெரிவித்தார். இவ்வாறு ஆட்டுவிக்கும் கண்காணா ஆற்றலுக்கு அவர் ஆன்மா என்று பெயரிட்டார்.

இனி, அவரது கொள்கையில் நின்றதெது, வீழ்ந்ததெது என்பதையும் கூறல் வேண்டும். எஃகுத் தகட்டுச் சோதனை பின்வந்தோரால் உறுதி செய்யப்படவில்லை. அவர் ஆன்மா என்றது பெரும்பாலும் மணமே: அரசியின் உடலினின்று கசியும் நுண்பொருள்களே கூட்டத்தை ஒருமைப்படுத்துகின்றன; பெண் ஈசல் ஆணை அழைப்பதும் அத்தகைய மணத்தாலேயே. பணியாளர்க்குத் தலைவர் ஆணை வேண்டுவதில்லை, முன்னொருவர் வைத்த மண்ணுருண்டையே அடுத்தவரைத் தூண்டுகின்றது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கிராஸே 1959இல் விளக்கினார். கூட்டத்தை ஓருயிரெனக் கூறலும் மரேக்கு மட்டும் உரியதன்று. எறும்புக் கூட்டத்தைப் பற்றி அமெரிக்கராகிய வீலர் 1911இலேயே அவ்வாறு எழுதியிருந்தார். ஆயினும் மண்சுவரையும் காளானையும் உள்ளடக்கிப் புற்றை உடலெனக் கண்ட பார்வை வீழ்ந்துவிடவில்லை. ஸ்காட் டர்னர் என்னும் அமெரிக்க அறிஞர் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் புற்றுக்களை ஆராய்ந்து, காற்றை உள்ளே மாற்றித் தரும் அம்மேடு உயிரின் நுரையீரலை ஒத்த உறுப்பே என்று கூறி, உடலின் எல்லை தோலோடு முடிவதில்லை என்பதை 2000இல் ஒரு நூலாக எழுதினார்.

மரே கண்டது புற்றின் அகம். அதன் புறத்தே, சவன்னா நிலத்திற்கு அஃது ஆற்றும் தொண்டு என்னவென்பதைப் பிறர் பிற்காலத்திற் கண்டனர். ஈரநாட்டில் உதிர்ந்த இலையும் சருகும் தாமே மட்கி எருவாகும். சவன்னாவிலோ பல திங்கள் ஈரமே இராது. காய்ந்த புல் மட்காமல் நிற்கும். காட்டுத்தீ வந்தால் அதன் சத்தில் ஒருபகுதி புகையாய்ப் போம். மட்குவதற்கு வேண்டிய ஈரம் இருக்கும் இடம் புற்றின் வயிறே. வறண்ட காலத்திலும் புல்லையும் சுள்ளியையும் சாணத்தையும் உள்ளே இழுத்துச் சென்று மண்ணுக்கு மீட்டுத் தருவது கறையான். வறட்சியிலும் ஈரம் குன்றாத புற்றைக் கண்டு மரே வியந்தனரன்றோ? அந்த ஈரத்தின் பயன் புற்றுக்கு மட்டுமன்று, வெளி முழுவதற்குமாம்.

அன்றியும் புற்றுக் கட்டுதற்கு ஆழத்திலிருந்து களிமண் மேலே வருகின்றது. அதனோடு சுண்ணச்சத்து முதலியனவும் வருகின்றன. பல நூறடி சுற்றிலும் மணலாயிருக்கும் நிலத்தில் புற்றிருக்கும் இடம் மட்டும் கொழுமையுடையதாகின்றது. சுரங்க வழிகளால் மழைநீர் ஓடிப்போகாது உள்ளிறங்குகின்றது. ஆதலின் பழம்புற்றின் மேல் மரம் தழைக்கும். புல் சுவை பெறும். அதனை நாடி விலங்குகள் வரும். அவை இடும் சாணம் மேலும் எருவாகும். மண்பன்றி என்று பொருள்படும் ஆர்ட்வார்க் என்னும் விலங்கு கறையானை உண்ணப் புற்றைத் தோண்டும். அது விட்டுப்போன வளையிற் காட்டுப்பன்றியினம் ஒன்று குடிபுகும். சாம்பியா, சிம்பாப்வே உழவர் புற்றுமண்ணை வெட்டி வயலுக்கு இடுவர். புர்கினா ஃபாஸோவில் யாக்கூபா சாவடோகோ என்னும் உழவர், இறுகிப்போன தரிசில் குழிகள் வெட்டிச் சாணமிட்டுக் கறையானை வரவழைத்து, அது துளைத்த வழியே மழைநீரை உள்ளே செலுத்திக் காடு வளர்த்தார். அவர் 2023இல் மறைந்தார். கறையானைக் கொல்ல மருந்து தேடுவோரிடையே அதனை விருந்தழைத்தவரும் உளர் என்பதை அன்பர்கள் கருதுக.

கெனியா நாட்டில் 2010இல் வெளியான ஓராராய்ச்சி, புற்றுக்கு அருகே மரமும் சிலந்தியும் பல்லியும் மிக்குப் பெருகுகின்றன என்றும், புற்றுக்கள் ஏறக்குறைய ஒத்த இடைவெளியில் அமைந்திருப்பதே வெளி முழுவதும் வளம் பரவுவதற்குக் காரணமென்றும் காட்டியது. அண்டைக் கூட்டங்கள் ஒன்றையொன்று நெருங்கவொட்டாது பொருதலால் அவ்விடைவெளி உண்டாகின்றது. 2015இல் அமெரிக்கப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் கணித முறையில் ஆராய்ந்து, புற்றுடைய புல்வெளி புற்றற்ற வெளியைவிட வறட்சியைத் தாங்கும் என்றும், மழை குறையினும் புற்றிற் பிழைத்திருக்கும் புல்லிலிருந்து வெளி மீளும் என்றும் கூறினர். தென்னாப்பிரிக்காவின் மேற்கே நாமாக்குவாலாந்தின் வறள்நிலத்தில் உள்ள சில புற்றுக்களின் பழமையை 2024இல் கணித்தபோது, அவை ஏறக்குறைய 34,000 ஆண்டு தொன்மையுடையனவாகக் காணப்பட்டன. எகிப்தின் கூர்ங்கோபுரங்கள் அவற்றிற்கு மிக இளையன.

இனிச் சரிதத்தின் துயரப் பகுதி. 1923 முதற் சில ஆண்டுகள் மரே தாம் கண்டவற்றை ஆப்பிரிக்கான்ஸ் இதழ்களிற் கட்டுரைகளாக வெளியிட்டார். அவற்றை ஆங்கிலத்தில் எழுதியிருப்பின் உலகம் உடனே அறிந்திருக்கும். தம் மக்கள் மொழியில் எழுதுவதையே அவர் மேற்கொண்டார். ஆப்பிரிக்கான்ஸ் அரசாங்க மொழியாக ஏற்கப்பட்டது 1925இலேதான். அதற்கடுத்த 1926இல், 1911ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற பெல்ஜிய நாட்டு எழுத்தாளர் மாரிஸ் மேட்டர்லிங்க், கறையானின் வாழ்க்கை என்னும் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். மேட்டர்லிங்க் பிளெமியர், ஆப்பிரிக்கான்ஸ் மொழி அவருக்கு எளிதில் விளங்கக்கூடியது. புற்று ஓருயிரென்னும் கருத்தும், வேறு பலவும் அந்நூலிற் காணப்பட்டன. மரேயின் பெயர் காணப்படவில்லை. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிகொண்டது என்னும் நம் நாட்டுப் பழமொழி இதற்கெனவே அமைந்தது போலும்!

தென்னாப்பிரிக்க நண்பர் சிலர் மரேக்காக வாதாடினர். வழக்குத் தொடுக்கவும் எண்ணினர். ஐரோப்பாவில் வழக்காடப் பொருளில்லை. எதிர்ப்பக்கத்தையும் கூறாதிருத்தல் நடுவுநிலைமையாகாது. மேட்டர்லிங்க் கறையானை நேரிற் கண்டு ஆராய்ந்தவரல்லர். பிறர் நூல்களைத் தொகுத்தே எழுதினார். அவற்றுட் பல எவரும் படிக்கக்கூடியன. ஓருயிரென்னும் கருத்தும் முன்னரே உலவியது. எனவே களவு எவ்வளவு, ஒற்றுமை எவ்வளவு என்பதில் அறிஞர் இன்றும் ஒருமனப்படவில்லை. எம் கருத்து யாதெனில், ஒருவர் பல்லாண்டு வெயிலிற் கிடந்து கண்டதை மற்றொருவர் படிப்பறையிலிருந்து எழுதும்போது, பெயரையாவது கூறுதல் கடன். ஏழைமொழியில் எழுதியவன் பெயர் தானே மறைந்துவிடும். மறைப்பதற்கு ஒருவர் முயலவும் வேண்டுவதில்லை.

அதன்பின் மரே வழக்கறிஞர் தொழிலும் எழுத்துமாகப் பிரிட்டோரியாவிலும் ஹைடல்பெர்கிலும் காலங்கழித்தார். உடல் நலிந்தது, மார்பியா வேட்கை தணியவில்லை. கறையான் கட்டுரைகள் 1934இல் ‘கறையானின் ஆன்மா’ என்னும் பெயரால் நூலாயின. அவற்றைப் படித்து உளமுருகிய வினிஃப்ரெட் டி காக் என்னும் அம்மையார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க இசைவு கேட்டு எழுதினார். மரே மகிழ்ந்து இசைந்து, தம் நினைவுகள் பலவற்றைக் கடித வாயிலாக அவர்க்குத் தெரிவித்தார். நெடுநாட்குப்பின் ஒருவர் தம்மைத் தேடி வந்ததாக அவர் எண்ணியிருத்தல் கூடும்.

மொழிபெயர்ப்பு அச்சேறுமுன், 1936ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள், பிரிட்டோரியாவை அடுத்த பெலின்டாபாவில், நண்பர் குஸ்டாவ் பிரெல்லரின் பண்ணையில், மரே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. ஆங்கில நூல் 1937இல் வெளிவந்தது. பபூன் குரங்குகளைப் பற்றி அவர் எழுதிவைத்த கைப்படி பல்லாண்டு காணாதிருந்து 1969இல் நூலாயிற்று. அவர் உடல் பிரிட்டோரியாவின் பெரியோர் கல்லறைத் தோட்டத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவரைப் பிரிந்த அலெட்டாவுடன் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றது.